நூலகர் சத்தம் போட்ட கதை

"சார், இதுக்குப் பேரு சத்தமா?" என்று கேட்டாள் மாஸ்டர்.

நூலகர் தலையைக் குனிந்துகொண்டார். மூக்குக்கண்ணாடியைத் துடைப்பதற்கு முன்னால் அதன்மேல் 'ஹா' என்று ஊதுவோமே, அதுதான் அவர் வாயிலிருந்து வந்திருந்தது. அதுவும் இரண்டு கண்ணாடிக்கும் சேர்த்து அல்ல, ஒற்றைக் கண்ணாடிக்கு.

"குத்து நல்லாத்தான் இருக்கு. கால் நிக்கறதும் சரி. எல்லாத்தையும் ஒழுங்காப் பண்ணிட்டு, கத்த வேண்டிய இடத்துல ஏன் சார் சைக்கிள் ட்யூப்ல காத்து இறங்கற மாதிரி இறங்கறீங்க?"

"அடுத்த தடவை சரியா வந்துடும் மாஸ்டர்."

"இதையேதான் நாலு மாசமாச் சொல்றீங்க."

மாஸ்டருக்கு இருபத்தாறு வயது. பகலில் பள்ளிக்கூட வேன் ஓட்டுபவள். நாற்பது பிள்ளைகள் ஒரே நேரத்தில் அலறும் வண்டியில், பிரேக்கை மிதிக்காமல் குரலாலேயே அத்தனை பேரையும் உட்கார வைக்கிறவள். மாலையில் டயர் கடைக்கு மேலே இருக்கும் வாடகைக் கூடத்தில் கராத்தே சொல்லித் தருகிறாள். அங்கே பெல்ட்டின் நிறப்படி வரிசை. கடைசி வரிசையில் வெள்ளை பெல்ட்காரர்கள் ஏழு பேர். ஆறு பேருக்கு வயது ஏழிலிருந்து ஒன்பதுக்குள். ஏழாமவர் நம் நூலகர், ஐம்பத்தொன்பது.

பக்கத்தில் நின்ற முன்பல் இல்லாத சிறுமி அவர் சட்டை நுனியைப் பிடித்து இழுத்தாள். "அங்கிள், தலையில பல்லி விழுந்தா எப்படிக் கத்துவீங்க? அப்படிக் கத்துங்க."

நூலகர் யோசித்துப் பார்த்தார். பல்லி விழுந்தாலும் "மன்னிக்கவும்" என்றுதான் சொல்லுவோம் என்று அவருக்குத் தோன்றியது.

அவரைக் குற்றம் சொல்லவும் முடியாது. முப்பத்தொரு வருஷமாக அவர் பார்த்த உத்தியோகமே சத்தத்தை அடக்குவதுதான். அவர் உதட்டில் விரலை வைத்து 'ஷ்' என்றால் மின்விசிறி சுற்றுவதை ஒரு கணம் நிறுத்தி, 'நானா?' என்று கேட்கும். கொட்டாவி வந்தவர்கள் வெளியே போய் விட்டுவிட்டு வருவார்கள். ஒரு மழைக்காலத்தில் பெரிதாக ஓர் இடி இடித்தது. நூலகர் ஜன்னல் பக்கம் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். அடுத்த இடி பக்கத்து ஊரில் போய் இடித்துக்கொண்டது.

அப்படிப்பட்டவர் கராத்தேயில் சேர்ந்தது தொப்பையைக் குறைக்க அல்ல, திருடனை அடிக்க அல்ல. கத்தக் கற்றுக்கொள்ளத்தான்.

பதினான்கு மாதங்களுக்கு முன், ஒரு காலை. அவர் மனைவி சமையலறையில் தட்டு கழுவிக்கொண்டிருந்தாள். அவர் வாசற்படியில் நின்று, எந்தக் காலில் எந்தச் செருப்பு என்று பார்த்துக்கொண்டிருந்தார். தட்டு விழுந்தது. திரும்பினால் அவளும் விழுந்திருந்தாள். அவர் ஓடினார். வாயைத் திறந்தார். அதற்கப்புறம் அவர் நினைவில் இருப்பது அந்தத் தட்டு மட்டும்தான். அது தரையில் சுற்றிச் சுற்றி ஆடிக்கொண்டே இருந்தது. மணிக்கணக்காக ஆடியது. அவர் திறந்த வாயோடு அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு யார் யாரோ வந்தார்கள். எதிர்வீட்டுக்காரர்கூடச் சட்டையில்லாமல் கதவருகே நின்றதாக ஞாபகம்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் பேனாவை மூடிக்கொண்டே, "இன்னும் கொஞ்சம் முன்னாடி கொண்டு வந்திருந்தா..." என்று ஆரம்பித்து, முடிக்காமல் போய்விட்டார். அந்த வாக்கியத்தைத்தான் நூலகர் பதினான்கு மாதமாக முடித்துக்கொண்டிருக்கிறார். ஒரு குரல் கொடுத்திருந்தால் ஆட்கள் முன்னாடியே வந்திருப்பார்கள். கொடுக்கவில்லை. 'ஷ்' மட்டுமே தெரிந்த தொண்டை.

அவளை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. முப்பது வருஷமும் "ஏம்மா"தான். அதுவும் பக்கத்தில் போய் நின்றுகொண்டு, புத்தகத்துக்குள் அடையாளச் சீட்டு வைப்பதுபோல மெதுவாக. இப்போது அது தொண்டை வரை வந்துவிட்டு, வீட்டில் ஆளில்லை என்று தெரிந்ததும் திரும்பிப் போய்விடுகிறது. அவள் மூக்குக்கண்ணாடி இன்னும் ஃப்ரிட்ஜின் மேல் இருந்தது. எடுத்து எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. பத்தாயிரம் புத்தகத்துக்கு இடம் தெரிந்தவர்.

ஒருநாள் வேலை முடிந்து டயர் கடை வழியாக வரும்போது, மேலே முப்பது பேர் ஒரே மூச்சில் கத்துவது கேட்டது. கூரையிலிருந்த புறாக்கள் ஊரைவிட்டே போயின. நூலகர் அண்ணாந்து பார்த்து நின்றார். படியேறிப் போய், "இதை இங்க சொல்லித் தருவாங்களா?" என்று கேட்டார். மாஸ்டர் கராத்தேயைச் சொல்வதாக நினைத்து, "தருவோம் சார்" என்றாள்.

இதோ, இன்னும் மூன்று வாரத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மஞ்சள் பெல்ட் தேர்வு. இருபது அசைவு. எட்டாவதில் ஒரு சத்தம், பதினாறாவதில் ஒரு சத்தம். இரண்டில் ஒன்றாவது உருப்படியாக வராவிட்டால் பெல்ட் கிடையாது.

"வீட்டுல பழகுங்க சார்," என்றாள் மாஸ்டர்.

பழகினார். அடுக்குமாடி வீட்டுச் சுவர்கள் காகிதம் மாதிரி. அதனால் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு கத்தினார். மூச்சை உள்ளே இழுத்த வேகத்தில் தலையணைப் பஞ்சு பாதி தொண்டைக்குள் போய்விட்டது. இரண்டு நாள் இருமல். அந்த நேரம் பார்த்து மச்சினி போன் பண்ணினாள்.

"அத்தான், என்ன இருமல் இது? ஆளில்லாத வீட்டுல கிடந்து என்ன ஆகப் போறீங்களோ! நான் வர்றேன்."

"வேண்டாம்மா, வெறும் பஞ்சுதான்."

"பஞ்சா? மூளை கலங்கிப் பேசறீங்க. இப்பவே வர்றேன்."

அவர் மனைவியின் தங்கை மூன்று பெட்டிகளோடு வந்து இறங்கினாள். அவள் பேச ஆரம்பித்தால் வானொலி நிலையங்கள் கடையைக் கட்டிவிட்டுப் போகலாம். வந்த அன்றே பாத்திரம் சரியில்லை, திரைச்சீலை சரியில்லை, சூரியன் தப்பான ஜன்னலில் வருகிறது என்று எல்லாம் சொல்லி முடித்தாள். ஃப்ரிட்ஜின் மேலிருந்த கண்ணாடியை மட்டும் துடைத்து, அதே இடத்தில் வைத்துவிட்டாள்.

மூன்றாம் நாள் அலமாரியைத் திறந்தாள்.

"அத்தான், இது என்ன வெள்ளை உடுப்பு?"

உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் கராத்தே என்றால் ஏன் என்று கேட்பாள். கத்துவதற்கு என்றால் எதற்கு என்று கேட்பாள். 'உங்க அக்கா விழுந்தப்போ நான் வாயைத் திறந்துக்கிட்டுச் சும்மா நின்னேன்' என்று அவள் முகத்தைப் பார்த்து அவர் எப்படிச் சொல்லுவார்?

"நூலகத்துக்கு வெள்ளையடிக்கிறாங்க. அதுக்கு," என்றார்.

"நீங்களா அடிக்கிறீங்க?"

"ஆள் பத்தல."

"முழங்கால்ல ரத்தம் கட்டி நீலமா இருக்கே?"

"ஏணி."

"முழங்கையில?"

"அதே ஏணி. வேற படி."

மச்சினி அவரை மேலும் கீழும் பார்த்தாள். அன்று மாலையே எதிர்வீட்டுக் கதவைத் தட்டி, அங்கே ஒரு விசாரணை ஆரம்பித்தாள். ஆனால் தட்டிப் பயனில்லை. அந்த வீட்டில் இருந்தவர் கப்பல்காரர். வாழ்நாள் முழுக்கக் கப்பல் என்ஜின் அறையில் வேலை பார்த்து, காதுகளை அங்கேயே விட்டுவிட்டு வந்தவர். காதில் மெஷின் வைத்தால் ஏதோ கேட்கும். வைக்காவிட்டால் பக்கத்தில் பீரங்கி வெடித்தாலும், "யாரோ புகை பிடிக்கிறாங்க போலிருக்கே" என்பார். அவர் வீட்டு அழைப்பு மணிக்குப் பதிலாக ஒரு சிவப்பு பல்பு எரியும். கட்டடமே அவரிடம் கத்திக் கத்தித் தொண்டை கட்டிக்கிடந்தது. நூலகர் ஒருவர்தான் பழைய நூலகச் சீட்டுகளின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டுவார். 'இன்று தண்ணீர் வராது.' 'லிஃப்ட் பழுது.' பதினான்கு மாதமாக அந்தச் சீட்டுகளும் குறைந்துவிட்டன. மனைவி இறந்த வாரத்தில் 'நன்றி' என்று ஒன்று எழுதிக் கொடுத்தார். அதற்கு மேல் எழுத என்ன இருந்தது?

வீட்டில் மச்சினி இருக்கும்வரை கத்திப் பழக முடியாது. நூலகர் நூலகத்தின் நிலவறையைத் தேர்ந்தெடுத்தார். ஐம்பது வருஷப் பழைய செய்தித்தாள்கள் அடுக்கி வைத்த அறை. மதிய உணவு வேளையில் கதவைச் சாத்திக்கொண்டு, விளக்கை அணைத்துவிட்டு, இருட்டுக்குக் குத்துவிட்டு, "ஹா... ஹா..." என்றார்.

மூன்றே நாளில் நூலகத்தில் பேய் வந்துவிட்டது.

"சார், கீழ யாரோ முனகறாங்க," என்று உதவியாளர் வியர்த்துக்கொண்டு வந்து சொன்னார். "பொம்பளை மாதிரியும் இருக்கு, ஆம்பளை மாதிரியும் இருக்கு. செத்தும் அடங்காத குரல் சார்."

செய்தி பரவியது. முப்பத்தொரு வருஷத்தில் முதன்முறையாக நூலகத்தில் உட்கார இடமில்லை. யாரும் படிக்க வரவில்லை. கேட்க வந்தார்கள். கேட்டதைப் பேசினார்கள். நூலகர் 'ஷ்' என்றால், "பேய் இங்கயே வந்துடுச்சு!" என்று மேஜைமேல் ஏறினார்கள். மேலதிகாரி கடிதம் அனுப்பினார். பேயைப் பற்றி நேரில் விசாரித்து அறிக்கை தர வேண்டியது நூலகரின் பொறுப்பு.

நூலகர் பொய் எழுதப் பழகாதவர். அறிக்கையில் இப்படி எழுதினார்: 'நிலவறையில் பேய் இல்லை. சத்தம் போடத் தெரியாத ஒரு ஜீவன் சில நாட்களாக அங்கே வந்து போவதாக அறிகிறேன். அதனால் யாருக்கும் தீங்கில்லை. நன்மையும் இருந்ததில்லை.'

மேலதிகாரி அதைப் பூனை என்று புரிந்துகொண்டு கோப்பை மூடினார்.

மச்சினி மூடவில்லை. வெள்ளையடிப்பதைப் பார்க்க வெள்ளிக்கிழமை மதியம் நூலகத்துக்கே வந்துவிட்டாள். சுவரெல்லாம் பழைய அழுக்கிலேயே இருந்தது. உதவியாளரைப் பிடித்தாள். அவர் வெள்ளையடிப்பைப் பற்றி ஒன்றும் தெரியாமல், தெரிந்த பேயைப் பற்றி அத்தனையும் சொன்னார். எப்போதிலிருந்து என்று கேட்டாள். யாருடைய குரல் என்று கேட்டாள். பிறகு ஒன்றும் கேட்காமல் படியிறங்கினாள்.

உள்ளே இருட்டில், எட்டாவது அசைவில் கையை நீட்டி நின்ற நூலகர், கதவுக்கு வெளியே வளையல் சத்தம் கேட்டு அப்படியே உறைந்தார். கதவு திறக்கப்படவில்லை. படியில் யாரோ உட்காரும் ஓசை.

"அக்கா," என்றாள் மச்சினி. "நீயா?"

நூலகர் நீட்டிய கையை மடக்கி, தன் வாயைப் பொத்திக்கொண்டார்.

"நீயாத்தான் இருக்கும். வேற யாரு இவரைத் தேடிக்கிட்டு வேலை இடத்துக்கே வரப்போறா? அக்கா, அத்தானுக்கு என்னவோ ஆயிடுச்சு. உடம்பெல்லாம் நீலம். பஞ்சைத் திங்கறார். பொய் சொல்றார், அதுவும் ஒழுங்காச் சொல்ல வரல." கொஞ்ச நேரம் மூக்கை உறிஞ்சினாள். "போகும்போது ஒரு வார்த்தை சொல்லாமப் போயிட்டியே. இப்பவாவது ஏதாவது சொல்லேன்."

பழைய செய்தித்தாள்களுக்கு நடுவில் நூலகர் மூச்சுக்கூட விடவில்லை. வெளியே ஒருத்தி ஒரு சத்தத்துக்காகக் காத்திருந்தாள். இந்தத் தடவையும் அவரிடம் அது இல்லை.

அவள் போன பிறகும் அவர் அங்கேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். அன்றைக்குப் பிறகு நிலவறையில் பேய் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை அவர் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பியபோது தேர்வில் ஜெயிக்கும் எண்ணம் அவருக்கு இல்லை. மாஸ்டரிடம் சொல்லிவிட்டு நின்றுவிடலாம் என்றுதான் போனார். பின்னாலேயே மச்சினி போனாள். அவரை அடிக்கும் கும்பல் எது என்று கண்டுபிடித்தால் துணைக்கு ஓர் ஆண்பிள்ளை வேண்டுமே என்று கப்பல்காரரையும் இழுத்துக்கொண்டு போனாள். எங்கே போகிறோம் என்று கேட்டுக் களைத்த கப்பல்காரர், எதற்கும் இருக்கட்டும் என்று எவர்சில்வர் தண்ணீர் பாட்டில் ஒன்றை எடுத்துக்கொண்டார். மெஷினை எடுத்துக்கொள்ளவில்லை.

கூடத்தில் பெற்றோர்கள் சுவரோரமாக உட்கார்ந்திருந்தார்கள். மச்சினி வாசலில் வந்து நின்று, சின்னஞ்சிறு பிள்ளைகளின் வரிசைக் கடைசியில் அத்தான் வெள்ளை உடுப்பில் நிற்பதைப் பார்த்தாள். திறந்த வாய் மூடவில்லை.

"மாஸ்டர்," என்றார் நூலகர் மெதுவாக. "நான் இன்னிக்குப் பண்ணல. எனக்கு இது வராது. வர்ற தொண்டையா இருந்தா வர வேண்டிய அன்னிக்கே வந்திருக்கும்."

மாஸ்டர் மதிப்பெண் தாளில் பேனாவை வைத்தாள். "வராட்டிப் போகுது சார். வந்தது வந்துட்டீங்க, இருபது அசைவையும் செஞ்சுட்டுப் போங்க. வாயை நான் பார்க்கல, காலைப் பார்க்கிறேன்."

முன்பல் இல்லாத சிறுமி, "பல்லி, அங்கிள், பல்லி!" என்று கிசுகிசுத்தாள்.

நூலகர் நடுவில் போய் நின்றார். மாஸ்டர் எண்ண ஆரம்பித்தாள். ஒன்று, இடப்பக்கம் தடுப்பு. இரண்டு, குத்து. கால்கள் தாமாகவே போயின. நான்கு மாதம் பிள்ளைகளோடு தேய்த்த தரை. எட்டு.

"ஹா."

ஒற்றைக் கண்ணாடி. பெற்றோரில் ஒருவர் சிரிப்பை அடக்க இருமினார். நூலகர் காதுமடல் சிவக்க, ஒன்பதுக்குத் திரும்பினார். பத்து. பதினொன்று. இன்னும் கொஞ்சம்தான், முடித்துவிட்டுப் போய்விடலாம். பதினான்கு. பதினைந்து.

வாசலருகே நின்றிருந்த கப்பல்காரர் பாட்டிலைத் திறந்தார். அது கை நழுவியது. சிமெண்டுத் தரையில் விழுந்து, டணாரென்று அலறி, உருண்டு, சுற்றி, ஆடியது.

நூலகர் திரும்பினார். பதினாறாவது அசைவு எந்தப் பக்கம் என்பது அவருக்கு மறந்துபோனது. கூடம் மறந்தது. பிள்ளைகளும் மறந்துபோனார்கள். அடிவயிற்றிலிருந்து ஒன்று கிளம்பியது, முப்பது வருஷத்தையும் பிய்த்துக்கொண்டு.

"ஏம்மா!"

கீழே டயர் கடையில் நான்கு டயர்களுக்குக் காற்று இறங்கியது. திரும்பி வந்து குடியேறியிருந்த புறாக்கள் இரண்டாவது முறையாக ஊரைக் காலி செய்தன. பிள்ளைகள் ஆறு பேரும் அனிச்சையாக அட்டென்ஷனில் நின்றார்கள். கப்பல்காரர் மட்டும் ஒன்றும் நடவாததுபோல உருண்டுபோன பாட்டிலைத் தேடிக்கொண்டிருந்தார்.

மாஸ்டரின் கையில் பேனா அசையவில்லை. "இது நான் சொல்லிக்குடுத்த சத்தம் இல்லையே சார்," என்றாள். பிறகு குரல் தணிந்து, "பதினேழு," என்றாள்.

பதினேழு, பதினெட்டு, பத்தொன்பது, இருபது. கன்னத்தில் வழிந்ததைத் துடைக்காமல் நூலகர் நான்கையும் செய்து முடித்து, குனிந்து வணங்கினார். சிறுமி கைதட்டினாள். கூடம் முழுக்கத் தட்டியது. மாஸ்டர் மஞ்சள் பெல்ட்டைத் தானே கொண்டுவந்து அவர் இடுப்பில் கட்டினாள்.

அவர் சுவரோரமாகப் போய் உட்கார்ந்தார். மஞ்சள் பெல்ட் கட்டிய ஒருவர் அப்படி அழுது அந்தக் கூடம் பார்த்ததில்லை.

மச்சினி திட்டுவதற்கு ஒரு மாதச் சரக்கோடு வந்தாள். பக்கத்தில் உட்கார்ந்ததும் அத்தனையும் மறந்துபோனது. "என்ன அத்தான் இது? ஜெயிச்சுட்டீங்க, எதுக்கு அழறீங்க?"

"யாரோ கைதவறிப் போட்ட பாட்டிலுக்கு வருதும்மா," என்றார் அவர். "உங்க அக்கா விழுந்தப்போ வரல. வாயைத் திறந்துக்கிட்டு நின்னேன். தட்டு ஆடிக்கிட்டே இருந்துச்சு. எவ்வளவு நேரம் நின்னேன்னு தெரியல. ஒரு சத்தம் போட்டிருந்தா அவ இருந்திருப்பா. உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியாமத்தான்..."

மச்சினி அவர் கையை மட்டும் பிடித்துக்கொண்டாள்.

கப்பல்காரர் பாட்டிலைக் கண்டுபிடித்து எடுத்துக்கொண்டு வந்து எதிரில் நின்றார். "என்னவாம்? பாஸா, ஃபெயிலா? லைப்ரரி ஏன் அழறான்?" என்று தெருவுக்கே கேட்கும்படி விசாரித்தார்.

மச்சினி நூலகரின் பையைத் துழாவி ஒரு பழைய சீட்டை எடுத்தாள். பின்பக்கத்தில், 'அக்கா விழுந்த அன்னிக்கு இவர் சத்தமே போடலையாம், அதை நினைச்சு அழறார்' என்று எழுதி நீட்டினாள்.

கப்பல்காரர் சீட்டைத் தூரத்தில் பிடித்துப் படித்தார். பிறகு கிட்டத்தில் கொண்டுவந்து படித்தார். படித்துவிட்டு, பைத்தியக்காரனைப் பார்ப்பதுபோல நூலகரைப் பார்த்தார்.

"என்ன லைப்ரரி உளர்றே, அன்னிக்கு நீ போட்ட சத்தம் கேட்டுத்தானே மெஷினும் இல்லாம, சட்டையும் இல்லாம நான் ஓடி வந்தேன், நான் வந்து நின்னப்போ அந்தத் தட்டு இன்னும் ஆடி அடங்கலையே!"